மலிவு விலை பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கலாமா, இன்வெர்ட்டரே போதுமா?

ஐப்பசி பிறந்து, வானிலை அறிக்கையில் 'காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், கடலூரிலிருந்து வேதாரண்யம் வரை ஹார்டுவேர் கடைகளில் ஜெனரேட்டர் விசாரணை ஆரம்பித்துவிடும். இருபத்தைந்தாயிரம் ரூபாய் சொச்சத்துக்கு '3 கேவிஏ' என்று திறனைக் கொட்டை எழுத்தில் போட்ட பெட்டி கடை வாசலிலேயே நிற்கும். உள்ளே, பேர்போன கம்பெனியின் இயந்திரம் அதைப்போல இரண்டு மடங்கு விலையில் இருக்கும். பக்கத்துக் கடையில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் சேர்த்து ஏறக்குறைய அதே இருபத்தைந்தாயிரம். எதை வாங்குவது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் தண்ணீர் ஏற்ற மோட்டார் இருக்கிறது, வீடு புயல் அடிக்கடி வரும் பாதையில் இருக்கிறது, மாதம் ஒருமுறை அந்த இயந்திரத்தை எடுத்து ஓட்டும் பொறுமையும் இருக்கிறது என்றால் மலிவு ஜெனரேட்டர் வாங்கலாம், பணம் வீணாகாது. இந்த மூன்றில் எது இல்லையென்றாலும் அதே பணத்துக்கு வேறு நல்ல வழி உண்டு. மூன்றாவது நிபந்தனையைத்தான் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். பட்டறைக்கு வரும் சின்ன ஜெனரேட்டர்களில் ஓடித் தேய்ந்தவை கொஞ்சம்தான். ஓடாமலேயே கிடந்து கெட்டவைதான் அதிகம்.

எத்தனை மணி நேரம் கரண்ட் போகிறது?

தமிழ்நாட்டில் 2012 வாக்கில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. வெளி மாவட்டங்களில் பாதி நாள் மின்சாரம் இருக்காது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது அப்போதுதான். இப்போது நிலைமை வேறு. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தி மத்தியானம் 2 மணிக்கோ சாயங்காலமோ கொடுப்பார்கள். கோடையில் ராத்திரி ஏசி லோடு ஏறி டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போய், ஒன்றிரண்டு மணி நேரம் வேர்த்துக்கொண்டு கிடப்போம். இந்த இரண்டுக்கும் ஜெனரேட்டர் தேவையே இல்லை. ஐந்தாறு மணி நேரத்தை ஒரு சாதாரண இன்வெர்ட்டர் சத்தமில்லாமல் தாண்டிவிடும்.

புயல்தான் வேறு கணக்கு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. இன்வெர்ட்டர் வைத்திருந்த வீடுகளில் முதல் நாள் ராத்திரியோடு பேட்டரி காலி. அதற்கப்புறம் அது ஒரு கனமான பெட்டி, அவ்வளவுதான். ஊருக்குள் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வீடு வீடாக மோட்டாரைப் போட்டுத் தொட்டி நிரப்பிக் கொடுத்துக் காசு வாங்கியவர்களை டெல்டாவில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். செல்போன் சார்ஜ் போடக்கூடக் காசுதான். அந்த நாட்களில் வெளிச்சத்தையோ ஃபேனையோ யாரும் பெரிதாகத் தேடவில்லை, தண்ணீர்தான் பெரும் பாடாக இருந்தது.

2011 டிசம்பரில் தானே புயல் கடலூரை அடித்தபோதும் இதே கதைதான். சென்னையில் 2016 வர்தா, 2023 மிக்ஜாம் இரண்டும் நாள்கணக்கில் முடிந்தன. ஆனால் மிக்ஜாமில் இன்னொரு பாடம் கிடைத்தது: தரைத்தளத்தில் வைத்த இன்வெர்ட்டரும் பேட்டரியும் வெள்ளத்தில் மூழ்கிவிட்டால் எதுவும் உதவாது. எதை வாங்கினாலும் இடுப்புயரத்துக்கு மேல் வைக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பெட்ரோல் கணக்கு

ஜெனரேட்டரின் விலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதில் தயாராகும் கரண்டின் விலையைப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி இருக்கிறது. சின்ன எஞ்சின் அதில் பெரும்பகுதியைச் சூடாகவும் சத்தமாகவும் புகையாகவும் வெளியே விட்டுவிடும். முழு லோடில் நன்றாக ஓடினால் லிட்டருக்கு ஒன்றரை யூனிட் கிடைக்கலாம். பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் யூனிட் 65 ரூபாய்க்கு மேல். இது நல்ல நாளில் வரும் கணக்கு.

இரண்டு ஃபேன், நாலு எல்இடி பல்பு, ஒரு வைஃபை ரவுட்டர் எல்லாம் சேர்ந்து 200 வாட் என்று வையுங்கள். இவ்வளவு சின்ன லோடுக்கு ஓடினாலும் மலிவு 3 கேவிஏ இயந்திரம் மணிக்கு அரை லிட்டர் குடிக்கும். ஏனென்றால் லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றித்தான் ஆக வேண்டும். அப்படிச் சுற்றினால்தான் வீட்டுச் சாமான்களுக்கு வேண்டிய 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் வரும். ஆக மணிக்கு 50 ரூபாய், கிடைப்பது கால் யூனிட்டுக்கும் குறைவு. யூனிட் 250 ரூபாய்க்கு ஃபேன் சுற்றுகிறது. ராத்திரி பத்து மணி நேரம் ஓட்டினால் ஐந்து லிட்டர், ஐந்நூறு ரூபாய், தெரு முழுக்க யாருக்கும் தூக்கமில்லை.

அதே இயந்திரத்தில் பகலில் இரண்டு மணி நேரம் மோட்டார், ஃபிரிட்ஜ், மிக்சி, இன்வெர்ட்டர் சார்ஜ் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் கணக்கு நியாயமாக வரும். மணிக்கு ஒரு லிட்டரே ஆனாலும் நாளைக்கு இருநூறு ரூபாய். இருபது நாள் கரண்ட் இல்லையென்றாலும் நாலாயிரம் ரூபாய்ப் பெட்ரோல். தண்ணீர் லாரிக்குக் காத்துக்கிடப்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவில்லை. மலிவு ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள் அதை ஃபேன் ஓட்டும் சாமானாக நினைக்கக் கூடாது. அது பகலில் கொஞ்ச நேரம் கனமான வேலை செய்து முடித்துவிட்டு நிறுத்த வேண்டிய சாமான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

மலிவு என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், அதில் இரண்டு சாதி உண்டு.

ஒன்று, கையில் தூக்கிக்கொண்டு போகும் சின்னது. பெரும்பாலும் பெயரில் '950' என்று இருக்கும். 63 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். 950 என்று பெயர் இருந்தாலும் தொடர்ந்து தருவது 650 வாட் அளவுதான். நிறையப் புகை, நிறையச் சத்தம், வோல்டேஜைக் கட்டுப்படுத்த ஒரு கெப்பாசிட்டர் மட்டும். இதில் ஒரு டிரில் மிஷினோ நாலு பல்போ ஓட்டலாம். டிவி, லேப்டாப், ஃபிரிட்ஜ் எதையும் இதில் மாட்டச் சொல்ல எனக்கு மனசு வராது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் லேபிள் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நம் ஊரில் விற்கும் ஜெனரேட்டருக்குப் புகைக்கும் சத்தத்துக்கும் அந்த ஒப்புதல் வேண்டும். லேபிள் இல்லையென்றால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம்.

இன்னொன்று, குழாய்ச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஃபோர் ஸ்ட்ரோக். இதில்தான் பேச விஷயம் இருக்கிறது. பெட்டிக்கு மேல் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே எஞ்சின் பெரும்பாலும் '168எஃப்' வகை. ஒரு சிலிண்டர், 68 மில்லிமீட்டர் விட்டம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஹோண்டாவின் ஜிஎக்ஸ் வரிசை எஞ்சினைப் பார்த்துச் சீனாவில் செய்தது. இதே எஞ்சின்தான் தண்ணீர் இறைக்கும் பம்புசெட்டில், களையெடுக்கும் பவர் வீடரில், கான்கிரீட் வைப்ரேட்டரில் எல்லாம் உட்கார்ந்திருக்கிறது. அதனால் கார்புரேட்டர், பிளக், இழுகயிறு, கேஸ்கட் எல்லாம் விவசாயக் கருவி விற்கும் கடையிலேயே கிடைக்கும். பிராண்டு கம்பெனி காணாமல் போனாலும் எஞ்சின் அநாதையாகாது. மலிவு ஜெனரேட்டரைப் பார்த்து எடுத்த எடுப்பிலேயே 'சீனா சாமான்' என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: எஞ்சினில் அவ்வளவு குறையில்லை.

குறை இருப்பது மறுமுனையில், கரண்ட் தயாராகும் ஆல்டர்னேட்டரில். விலையைக் குறைக்க வேண்டும் என்றால் செம்புக் கம்பிக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றுவார்கள். அலுமினிய வைண்டிங் உடனே எரிந்துவிடாது, ஆனால் அதே கனத்துக்கு அதில் சூடு அதிகம், எரிந்தால் திரும்பச் சுற்றித் தர ஆள் தேட வேண்டும். அடுத்து, பெட்டியில் எழுதிய எண். '3 கேவிஏ' என்பது சில நொடிகள் தாங்கும் உச்சம். தொடர்ந்து தருவது 2 கிலோவாட் சுற்றி இருக்கும். அதைப் பெட்டியில் தேடினால் கிடைக்காது, இயந்திரத்தின் மேல் அடித்திருக்கும் தகட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். கேவிஏ என்பதும் நிஜமாக வேலை செய்யும் கிலோவாட் என்பதும் ஒன்றல்ல என்பது இன்னொரு வசதி, விற்கிறவர்களுக்கு.

கடையில் செய்து பார்க்க வேண்டியது

இதற்கு ஒரு மல்டிமீட்டரும், 1,000 வாட் அயர்ன் பாக்ஸும், 1,000 வாட் வாட்டர் ஹீட்டர் கம்பியும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

ஆயில் ஊற்றி, எஞ்சினை ஓட்டி ஐந்து நிமிடம் சூடாக விடுங்கள். லோடு எதுவும் இல்லாமல் வோல்டேஜ் பாருங்கள். 230 முதல் 240க்குள் இருந்தால் சரி. ஹெர்ட்ஸ் காட்டும் மீட்டராக இருந்தால் 51 முதல் 53 வரை இருக்கலாம். இப்போது அயர்ன் பாக்ஸை மாட்டுங்கள். எஞ்சின் ஒரு நொடி முனகிவிட்டு, வேகத்தைப் பிடித்து வைக்கும் கவர்னர் திறந்து, அதே வேகத்துக்கு மீண்டும் வர வேண்டும். வராமல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி அலைந்துகொண்டே இருந்தால் கார்புரேட்டரோ கவர்னரோ சரியில்லை. அடுத்து ஹீட்டர் கம்பியைத் தண்ணீருக்குள் முழுசாக இறக்கிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். ஓடும்போது தண்ணீரில் கை வைக்க வேண்டாம். இப்போது இரண்டு கிலோவாட். வோல்டேஜ் 215க்குக் கீழே விழாமல், 49 ஹெர்ட்ஸுக்குக் குறையாமல் பத்து நிமிடம் நின்றால் அந்த இயந்திரம் தன் தகட்டில் எழுதியதைத் தருகிறது என்று அர்த்தம். கடைசியில் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடுங்குங்கள். அந்தக் கணத்தில் வோல்டேஜ் எவ்வளவு எகிறுகிறது என்று பாருங்கள். 260, 270 என்று எகிறி உடனே இறங்காமல் நின்றால், நாளைக்கு மோட்டார் நிற்கும்போது கூடவே மாட்டியிருக்கும் டிவியின் கதி அதுதான்.

வோல்டேஜைப் பிடித்து வைக்கும் ஏவிஆர் என்கிற சின்னப் பலகை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அது கெட்டால் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். எங்கு வாங்கினாலும் இந்தச் சோதனை முடியும், ஆன்லைனில் மட்டும் முடியாது. ஆன்லைனில் ஆயிரம் இரண்டாயிரம் குறைவாகக் கிடைக்கிறது என்பதற்காக இதை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன்.

மோட்டார் என்ற பரீட்சை

ஜெனரேட்டர் வாங்கி ஏமாந்தேன் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் மோட்டாரில்தான் ஏமாந்திருப்பார்கள். ஒரு எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 1,100 வாட் எடுக்கும். '2 கிலோவாட் இருக்கிறதே, தாராளம்' என்று தோன்றும். ஆனால் புறப்படும் அந்த ஒரு நொடியில் அது நாலைந்து மடங்கு கரண்டைக் கேட்கும். மலிவு ஆல்டர்னேட்டர் அங்கே படுத்துவிடும். வோல்டேஜ் விழும், மோட்டார் சுற்றாமல் 'ம்ம்ம்' என்று உறுமும். உடனே நிறுத்தாவிட்டால் மோட்டாரின் வைண்டிங் போய்விடும். செலவு பெரும்பாலும் மோட்டாருக்குத்தான்.

நடைமுறையில், மலிவு 3 கேவிஏவில் அரை எச்பி மோனோபிளாக் நிம்மதியாக ஓடும். ஒரு எச்பி என்றால் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், உங்கள் மோட்டாரிலேயே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். ஆழமான போரில் கிடக்கும் ஒன்றரை எச்பி சப்மெர்சிபிள் என்றால் 5 கேவிஏவுக்குப் போங்கள், அங்கே 'மலிவு' என்ற பேச்சே முடிந்துபோகும். மூன்று பேஸ் வயல் மோட்டாரைப் பற்றி இந்த வகையில் யோசிக்கவே வேண்டாம்.

மோட்டாரை எப்போதும் முதலில், தனியாக ஸ்டார்ட் செய்யுங்கள். அது சுற்றி நின்ற பிறகு ஃபிரிட்ஜ், அப்புறம் மற்றவை.

இன்வெர்ட்டர் எதில் ஜெயிக்கிறது, எதில் தோற்கிறது

900 விஏ இன்வெர்ட்டர், 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி. காகிதத்தில் 1,800 வாட்மணி, கைக்கு வருவது 1,200 அளவு. மேலே சொன்ன 200 வாட் லோடுக்கு ஆறு மணி நேரம். ஃபேன்களை பிஎல்டிசி வகைக்கு மாற்றிவிட்டால் ஃபேனுக்கு 75 வாட் எடுத்த இடத்தில் 30 வாட்தான், அதே பேட்டரி பத்து மணி நேரம் வரை இழுக்கும். ஜெனரேட்டர் வாங்க யோசிக்கிறவர்கள் முதலில் ஃபேனை மாற்றிப் பார்க்கலாம், சொன்னால் சிரிக்கிறார்கள்.

சத்தமில்லை, புகையில்லை, கயிறு இழுக்க வேண்டாம், வீட்டில் வயசானவர்கள் மட்டும் இருந்தாலும் தானாக வேலை செய்யும். டிஸ்டில்டு வாட்டர் பார்த்துப் பார்த்து ஊற்றினால் பேட்டரி நாலைந்து வருடம் வரும். தோற்கும் இடம் இரண்டு: மோட்டாரை ஓட்டாது, இரண்டாம் நாளுக்கு உயிர் இருக்காது.

அதனால் கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இரண்டும் சேர்ந்த கூட்டணிதான் சரி. ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் மலிவு ஜெனரேட்டரின் மதிப்பு அப்படியே கூடிவிடுகிறது. பகலில் மோட்டார் ஓடும் நேரத்தில் பேட்டரிக்கும் சார்ஜ் ஏறும், ராத்திரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு அமைதியாகத் தூங்கலாம். இதில் இரண்டு சிக்கல் உண்டு, வாங்கின பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. ஒன்று, இன்வெர்ட்டரின் சார்ஜர் மெதுவானது. காலியான 150 ஏஎச் பேட்டரி நிரம்பப் பத்து மணி நேரம் கேட்கும். மூன்று மணி நேரம் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்குதான் ஏறும், அதை வைத்து ஒரு ஃபேன், இரண்டு விளக்கு என்று ராத்திரியை ஓட்ட வேண்டும். இரண்டு, பல இன்வெர்ட்டர்களில் 'யூபிஎஸ்', 'நார்மல்' என்று பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும். யூபிஎஸ்ஸில் இருந்தால், ஜெனரேட்டரின் ஆடும் வோல்டேஜை அது கரண்டாகவே ஏற்றுக்கொள்ளாது, சார்ஜும் ஏறாது. 'ஜெனரேட்டர் போட்டும் பேட்டரி ஏறவில்லை' என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் அந்த சுவிட்சை நார்மலுக்குத் தள்ளிப் பாருங்கள்.

காசு அதிகம் கொடுத்தால் என்ன கூடுதலாகக் கிடைக்கும்?

ஹோண்டா மாதிரிக் கம்பெனியின் சாதாரண ஜெனரேட்டர் இரண்டு மடங்கு விலை. செம்பு வைண்டிங், எழுதியதைத் தரும் தகடு, மாவட்டத் தலைநகரில் சர்வீஸ். தினமும் ஓட்ட வேண்டிய டிபன் கடை, ஐஸ்கிரீம் ஃபிரீசர் வைத்திருப்பவர், ஜெராக்ஸ் கடை என்றால் யோசிக்காமல் இதற்குப் போகலாம். வருடத்துக்கு முப்பது நாற்பது மணி நேரம் ஓட்டும் வீட்டுக்கு அந்தக் கூடுதல் பணம் திரும்பி வராது.

இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்று தனி வகை இருக்கிறது. அது லோடுக்குத் தகுந்தபடி எஞ்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கரண்டும் சுத்தமாக வரும். சின்ன லோடுக்குப் பெட்ரோல் பாதிதான் ஆகும், பக்கத்தில் நின்று பேசலாம். ஆனால் 3 கேவிஏ அளவில் நல்ல கம்பெனி என்றால் விலை லட்சத்தைத் தாண்டும். வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் மாதிரி கருவி இருந்து, அது ராத்திரியெல்லாம் ஓட வேண்டும் என்றால் அங்கே மலிவு ஜெனரேட்டரை நம்ப வேண்டாம். அந்த வீட்டுக்கு இந்த லட்சம் நியாயம்.

லித்தியம் பவர் ஸ்டேஷன் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு அரை லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள், அதுவும் இரண்டாம் நாள் காலிதான்.

சோலாரில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2024ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மானியம் வாங்கி மாடியில் பேனல் போட்டவர்களில் பலர், கரண்ட் போனாலும் வெயிலில் வீடு ஓடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓடாது. லைன் கரண்ட் நின்றால், லைனோடு இணைந்த இந்த ஆன்கிரிட் சோலாரும் தானாக நின்றுவிடும், கம்பத்தில் வேலை பார்ப்பவரின் உயிருக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பேட்டரியோடு சேர்ந்த சோலார்தான் கரண்ட் இல்லாதபோது உதவும். இருக்கிற இன்வெர்ட்டருக்கு ஒரு 500 வாட் பேனலும் சார்ஜ் கண்ட்ரோலரும் சேர்த்தால், புயல் கடந்து வெயில் வந்ததும் நாளைக்கு ஒன்றரை, இரண்டு யூனிட் இலவசமாக ஏறும். வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத இடத்தில் இது ஜெனரேட்டரைவிட நல்ல துணை, அடித்த காற்றில் பேனல் இருந்த இடத்தில் இருந்தால்.

வாடகை? மைக்செட், பந்தல் போடுகிறவர்களிடம் ஜெனரேட்டர் இருக்கும், கல்யாணம் காதுகுத்துக்கு அதுவே போதும், ஒரு நாள் விசேஷத்துக்காகச் சொந்தமாக வாங்குவது வீண். ஆனால் புயல் முடிந்த மறுநாள் அவரிடம் இருக்கும் ஒன்றுக்கு ஊரே வரிசை நிற்கும். அதற்குப் பதில் தெருவில் நாலு வீடு சேர்ந்து நல்லதாக ஒன்று வாங்குவது எனக்குப் பிடித்த வழி. ஆளுக்கு அரை மணி நேரம் மோட்டார் போட்டால் நாலு தொட்டியும் நிறையும். கூட்டுச் சாமானைப் பார்த்துக்கொள்ள ஒருவர் பொறுப்பேற்காவிட்டால் மட்டும் அது துருப்பிடித்துப் போகும்.

பெட்ரோலும் புகையும்

பங்கில் பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் தரமாட்டார்கள், தரவும் கூடாது. மூடி இறுக்கமான உலோக கேன் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்கப் பெட்ரோலியச் சட்டம் இடம் கொடுக்கிறது, அதற்காக முப்பதையும் சமையலறைப் பக்கம் வைக்கக் கூடாது. புயல் வந்த பிறகு பங்கிலும் கரண்ட் இருக்காது என்பதை ஞாபகம் வையுங்கள். இரண்டு நாள் முன்பே பத்து லிட்டர் வாங்கிவிட வேண்டும், புயல் திசை மாறிப் போனால் பைக்கில் ஊற்றிக்கொள்ளலாம்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கடலோர ஈரக்காற்றில் மாதக்கணக்கில் டேங்கிலேயே விட்டால் கார்புரேட்டருக்குள் தண்ணீர் சேரும், ஜெட் பிசுபிசுத்து அடைக்கும், ரப்பர் குழாய் ஊறும். முன்பு சொன்ன 'ஓடாமல் கெடுவது' பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்யுங்கள். மாதம் ஒருமுறை கொஞ்சம் புதுப் பெட்ரோல் ஊற்றி, அயர்ன் பாக்ஸை மாட்டிப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டால் ஆல்டர்னேட்டரில் ஏறிய ஈரமும் போய்விடும்.

புகை விஷயத்தில் யாரும் விளையாட வேண்டாம். ஜெனரேட்டர் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. மழை பெய்கிறதே என்று இயந்திரத்தை வராண்டாவிலோ மாடிப்படிக்குக் கீழோ இழுத்து வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதில்தான் உயிர் போகிறது. ஜன்னல் திறந்திருந்தால் போதும் என்பதும் தப்பு. வீட்டிலிருந்து இருபதடி தள்ளி, நாலு பக்கமும் திறந்து மேலே மட்டும் தகரம் போட்டு வைக்க இடம் இல்லையென்றால், ஃபிளாட்டில் இருப்பவர்கள் உட்பட, ஜெனரேட்டர் உங்களுக்கான சாமான் இல்லை. பேச்சை இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயரைச் செய்து, சுவரில் இருக்கும் பிளக்கில் சொருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் கம்பத்துக்குப் போகும், டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் லைனுக்கே போகக்கூடும். அறுந்து கிடக்கும் கம்பியை எடுத்துக் கட்ட வந்த லைன்மேன் அதில்தான் கை வைப்பார். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து லைன் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள். ஜெனரேட்டர் பட்ஜெட்டிலேயே இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எப்போது வாங்குவது?

சித்திரை, வைகாசியில். அப்போது யாரும் கேட்கமாட்டார்கள், பேரம் படியும், கடைக்காரருக்கும் சோதித்துக் காட்டப் பொறுமை இருக்கும். புது எஞ்சினில் முதல் 20 மணி நேரம் ஓடியதும் ஆயிலை மாற்ற வேண்டும், அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் பிடிக்கும். அதில் பொடிப்பொடியாக உலோகத் துகள் மினுங்குவதைப் பார்த்தால் ஏன் மாற்றச் சொல்கிறார்கள் என்று தெரியும். அப்புறம் நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். கோடை மின்வெட்டிலேயே அந்த இருபது மணி நேரத்தை ஓட்டி முடித்தால், தகராறு செய்யும் இயந்திரம் வாரண்டிக்குள்ளேயே தன் குணத்தைக் காட்டிவிடும். திருப்பிக் கொடுக்கவோ மாற்றவோ ஐப்பசி வரை நேரம் இருக்கும்.